ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடம் முடிஞ்சது, படிப்பு முடியலை

 

இன்னைக்குப் பதிவு கோயில் பத்தியது இல்லை. ஒரு மனுஷரைப் பத்தியது. ஆனா சுவாமிமலைக் கதை நடுவுல ஒரு இடத்துல வரும், அதனால விட்டுட்டுப் போயிடாதீங்க.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கிற பெரியவர்கள்கிட்ட, இந்த ஊருக்கு முதன்முதலா நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தது யாருன்னு கேட்டுப் பாருங்க. கொஞ்சப் பேருக்குத்தான் சட்டுன்னு நினைவு வரும். 1952-ல சுதந்திர இந்தியாவோட முதல் பொதுத்தேர்தல். ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில இருந்து டெல்லிக்குப் போனவர் காமராசர். ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவர், பாரிஸ்டர்களும் பேராசிரியர்களும் இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குற சபையில போய் உட்கார்ந்தார். அப்போ அவருக்கு வயசு 48.

காமராசர்னாலே பள்ளிக்கூடம் திறந்தவர், மதிய உணவு போட்டவர்னு நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். அவர் மத்தவங்களைப் படிக்க வெச்ச கதை தெரியும். அவர் தானே எப்படிப் படிச்சார்ங்கிற கதை அவ்வளவா யாரும் சொல்றதில்லை. எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது.

இன்னொன்னு. வாட்ஸப்ல காமராசர் பத்தி வர்ற பார்வர்டுகள்ல பாதி, அவர் இப்படிச் சொன்னார் அப்படிச் சொன்னார்னு பக்கம் பக்கமா வசனம்தான். சினிமா மாதிரி இருக்கும். இந்தப் பதிவுல வசனம் ஒண்ணும் கிடையாது. அவர் செஞ்சதை மட்டும் பார்ப்போம், அதுவே போதுமான அளவு இருக்கு.

1903 ஜூலை 15. அப்போ விருதுபட்டின்னு பேர் இருந்த விருதுநகர்ல பிறந்தார். அப்பா பேர் குமாரசாமி (நம்ம ஆளு பேர்தான்!), அம்மா சிவகாமி. குலதெய்வம் காமாட்சி பேரை வெச்சு, அது காமராசுன்னு ஆச்சு. முதல்ல ஏனாதி நாயனார் வித்யாலயா, பிறகு க்ஷத்ரிய வித்யாசாலா. இந்த ரெண்டாவது பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். வீட்டுக்கு வீடு பெண்கள் சோறு பொங்குறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியா வைப்பாங்க. அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து, ஊர் மகமையையும் சேர்த்து நடந்த பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது.

ஆறு வயசுல அப்பா போயிட்டார். பாட்டி பார்வதி, அம்மா, தங்கச்சி நாகம்மாள், இவர். அம்மா நகையை வித்துக் குடும்பத்தை ஓட்டினாங்க. படிப்பு ஆறாம் வகுப்போட நின்னு போச்சு. மாமா கருப்பையா நாடாரோட ஜவுளிக்கடையில போய் நின்னார்.

பன்னிரண்டு வயசுல கடைக்குப் போன பிள்ளைங்க அந்தக் காலத்துல ஆயிரக்கணக்குல இருந்தாங்க. இப்பவும் இருக்காங்க, மறைச்சுப் பேச என்ன இருக்கு. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அதோட எழுத்து மறந்து போகும், கணக்கு மட்டும் மிஞ்சும். இவருக்கு ஏன் அப்படி ஆகலைங்கிறதுதான் கேள்வி.

கடைத்தெருவுல பத்திரிகை வரும். ஒருத்தர் உரக்க வாசிப்பார், பத்துப் பேர் சுத்தி நின்னு கேப்பாங்க. முதல் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்த சமயம். பையன் காது கொடுத்துக் கேட்டான், பிறகு தானே வாங்கிப் படிக்க ஆரம்பிச்சான். ஊருக்குப் பேச வந்த வரதராஜுலு நாயுடு, ஜார்ஜ் ஜோசப் மாதிரியானவர்கள் கூட்டத்துக்கெல்லாம் போயிடுவான். கடையில ஆள் இருக்காது. 1919-ல ஜாலியன்வாலாபாக் சேதி வந்தப்போ அவருக்கு வயசு 15. அதுக்கு அப்புறம் ஜவுளிக்கடையில மனசு நிக்கலை.

வீட்ல பயந்துட்டாங்க. இப்படியே விட்டா பையன் கெட்டுப்போவான்னு திருவனந்தபுரத்துல இன்னொரு மாமாவோட மரக்கடைக்கு அனுப்பினாங்க. அங்கே போயாவது திருந்துவான்னு நினைச்சா, அவர் வைக்கம் போராட்டத்துல போய் நின்னார்! கோயிலைச் சுத்தி இருக்கிற தெருவுல எல்லாச் சாதிக்காரனும் நடக்கலாம்னு 1924-ல நடந்த போராட்டம் அது. அரசியல் பாடத்தை அவர் புத்தகத்துல படிக்கலை. தெருவுல நின்னு படிச்சார்.

இனி சிறைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

1930-ல ராஜாஜி தலைமையில வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம். அதுல கலந்துக்கிட்டு உள்ளே போனார். 1931-ல காந்தி - இர்வின் ஒப்பந்தம் ஆனப்போ வெளியே வந்தார். அடுத்த வருஷமே மறுபடி. 1940 கடைசியில மறுபடி, இந்தத் தடவை வேலூர். 1942 ஆகஸ்ட் போராட்டத்துல பிடிபட்டு 1945 வரைக்கும் வேலூர், அமராவதின்னு கிடந்தார். மொத்தம் ஆறு தடவை, ஏறக்குறைய மூவாயிரம் நாள். எட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலன்னு வெச்சுக்கலாம். 

அந்தக் காலத்து அரசியல் கைதிகள் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. வக்கீல், டாக்டர், ஆசிரியர், பத்திரிகைக்காரர், கம்யூனிஸ்ட், காந்தியவாதி, மலையாளி, ஆந்திராக்காரர். வெளியில இருந்தா இவ்வளவு பேரை ஒரே இடத்துல பிடிச்சு உட்கார வெச்சு யாரு பாடம் கேக்க முடியும்? வெள்ளைக்காரன் அவன் செலவுலயே ஒரு கல்லூரியை நடத்தினான்னு சொன்னாத் தப்பில்லை. சேர்க்கை மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

காமராசர் அங்கேதான் இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்தார். முப்பது வயசை ஒட்டின ஆள். கட்சியில ஏற்கனவே பேர் வாங்கினவர். சக கைதிகள் உதவியோட வாசிக்கப் பழகி, பிறகு பத்திரிகை, பிறகு புத்தகம்னு போனார். வெளியில வந்தப்போ இங்கிலீஷ் நாளிதழை அவரே எடுத்து வாசிக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். பேச மட்டும் ரொம்ப யோசிப்பார். தேவைப்பட்டாச் சின்னச் சின்ன வாக்கியமா முடிச்சுக்குவார்.

தம்பி, தங்கைகளே, இதுல கஷ்டம் எது தெரியுமா? எழுத்து இல்லை. ஸ்பெல்லிங்கும் இல்லை. கூட இருக்கிற பட்டதாரிகள் முன்னாடி, எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கன்னு உட்கார்றதுதான். நமக்கெல்லாம் கிளாஸ்ல கைதூக்கிச் சந்தேகம் கேக்கவே கூச்சம். ஊர்ல நாலு பேர் கும்பிடுற ஆளுக்கு அது எவ்வளவு இருந்திருக்கணும்!

இங்கேதான் சுவாமிமலை.

அப்பன் சிவன், பிள்ளை முருகன். பிரணவப் பொருளைக் கேக்கறப்போ பிள்ளை குருவாகவும் அப்பன் சீடனாகவும் ஆயிட்டாங்கன்னு நாம சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கோம். சுவாமிமலையில அந்த அறுபது படி ஏறும்போது யாராவது ஒருத்தர் சொல்லாம இருக்க மாட்டாங்க. காமராசர் வாழ்க்கையில இது மாதிரி ஒண்ணு நடந்தது. அவரோட அரசியல் குரு தீரர் சத்தியமூர்த்தி. பெரிய பேச்சாளர், வக்கீல், சென்னைக்கு மேயரா இருந்தவர். 1936-ல சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், காமராசர் செயலாளர். நாலே வருஷம். 1940-ல காமராசர் தலைவர், சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளர்!

குருவுக்குக் கொஞ்சமாவது உறுத்தியிருக்கும்னு நாம நினைப்போம். அவர் அந்தப் பொறுப்பை ஏத்துக்கிட்டு வேலை பார்த்தார். சீடர் பக்கமும் பாருங்க. தலைவர் ஆயாச்சு, இனிமே இவர்கிட்ட கேக்க என்ன இருக்குன்னு இவர் நினைக்கலை. சத்தியமூர்த்தி 1943 மார்ச்ல காலமானப்போ காமராசர் சிறையில இருந்தார். நாடு விடுதலை ஆன அன்னைக்கு அவர் முதல்ல போய்க் கொடி ஏத்தினது சத்தியமூர்த்தி வீட்டுல.

நடுவுல ஒரு சின்ன விஷயம். 1941-ல அவர் வேலூர் சிறையில இருக்கும்போதே விருதுநகர்க்காரங்க அவரை நகராட்சித் தலைவரா தேர்ந்தெடுத்துட்டாங்க. வெளியே வந்தவர் போய் உட்கார்ந்தார், அன்னைக்கே ராஜினாமா பண்ணிட்டார். முழுசாச் செய்ய முடியாத வேலைக்குப் பேர் மட்டும் வெச்சுக்கிறது அவருக்குப் பிடிக்காது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

ராஜபாளையத்துக்காரங்களுக்கு குமாரசாமி ராஜாவைச் சொல்லித் தர வேண்டாம். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1949-ல இருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்தோட முதல்வர். அவர் அந்த இடத்துக்கு வந்ததுக்குப் பின்னாடி காமராசர் ஆதரவு இருந்தது. (அப்பா பேரும் குமாரசாமி, இவர் பேரும் குமாரசாமி. கவனிச்சீங்களா?) 1952 தேர்தல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு வேடிக்கை நடந்தது. சட்டசபைக்கு நின்ன முதல்வர் குமாரசாமி ராஜா சுயேச்சைகிட்ட தோத்தார். நாடாளுமன்றத்துக்கு நின்ன காமராசர் ஜெயிச்சார். ஆண்டாள் கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே ஒருத்தர் வீட்டுக்குப் போனார், ஒருத்தர் டெல்லிக்குப் போனார்.

தோத்ததோட குமாரசாமி ராஜா கதை முடியலை. 1954-ல ஒடிசாவுக்கு ஆளுநரா போனார். தெரியாத ஊர், தெரியாத மொழி, வயசு 55. அவரைப் பத்தித் தனிப் பதிவே போடலாம்.

டெல்லியில காமராசர் ரெண்டு வருஷம் இருந்தார். பெரிசாப் பேசினவர் இல்லை. கேட்டுக்கிட்டிருந்தார்னுதான் சொல்லணும். இந்தியா முழுக்க என்னென்ன பிரச்சினை இருக்குன்னு ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து கேக்க அது நல்ல இடம்.

அதே நேரத்துல இங்கே முதல்வரா இருந்த ராஜாஜி 1953-ல ஒரு புதுக் கல்வித் திட்டம் கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வின்னு பேர் விழுந்துச்சு. செருப்புத் தைக்கிறவர் பிள்ளை செருப்புத் தைக்கவா, சலவைக்காரர் பிள்ளை வெளுக்கவான்னு ஊர் ஊரா எதிர்ப்பு கிளம்பிச்சு. ராஜாஜியோட நோக்கத்துக்கு வக்காலத்து வாங்குறவங்க இப்பவும் இருக்காங்க, பள்ளிக்கூடம் பத்தாதப்போ ரெண்டு ஷிப்ட் வெச்சா நிறையப் பிள்ளைங்க படிக்கலாமேன்னு. எனக்கு அது சரியாப் படலை. பன்னிரண்டு வயசுல ஜவுளிக்கடைக்கு அனுப்பப்பட்ட ஒருத்தருக்கு அது எப்படிப் பட்டிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

1954-ல ராஜாஜி விலகினார். கட்சித் தலைமைக்கு காமராசரும் சி. சுப்பிரமணியமும் போட்டி போட்டாங்க. 93-க்கு 41-னு காமராசர் ஜெயிச்சார். ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி முதல்வர் ஆனார். அந்தக் கல்வித் திட்டம் போச்சு. தோத்த சி. சுப்பிரமணியத்தைக் கூப்பிட்டு, நிதியையும் கல்வியையும் அவர் கையிலேயே கொடுத்தார்! மந்திரிசபையே மொத்தம் எட்டுப் பேர்தான்.

இதையும் நான் படிப்புக் கணக்குலதான் சேர்ப்பேன். தனக்குத் தெரியாததைத் தெரிஞ்சவன், நேத்து வரைக்கும் எதிராளியா இருந்தாலும், பக்கத்துல இருக்கட்டும்னு நினைக்கிறவனுக்குத்தான் இது வரும். பெருமை பார்க்கிறவனுக்கு வராது.

ஆபீஸ்ல அவர் படிக்கிற முறை வேற மாதிரி. பைல் எல்லாம் இங்கிலீஷ்ல வரும். அதிகாரியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லச் சொல்வார். நடுவுல பேச மாட்டார். ரெண்டு மூணு கேள்வி கேப்பார், அதுல அதிகாரி வீட்டுப்பாடம் செஞ்சிருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுடும். மீதியை நேர்ல போய்ப் பார்ப்பார். எந்த ஊர்ல எந்தக் கண்மாய், எந்த ஆத்துத் தண்ணி எங்கே வீணாப் போகுதுன்னு மேப் பார்க்காமலே சொல்லுவாராம். ஊர் ஊரா நடந்த கட்சிக்காரர் ஆச்சே. அந்த ஒன்பது வருஷத்துலதான் வைகை, சாத்தனூர், மணிமுத்தாறு, அமராவதி அணை எல்லாம் எழும்பினது. 1956-ல தமிழை ஆட்சிமொழி ஆக்கிச் சட்டம் வந்துச்சு. சாதாரண ஜனங்களுக்குப் புரியாத மொழியில அரசாங்கம் நடக்கிறதோட வலி அவருக்கு அனுபவத்துலயே தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். 300 பேர் இருக்கிற ஊருக்கும் ஒரு தொடக்கப்பள்ளின்னு குறி வெச்சாங்க. பள்ளி இயக்குநரா இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதுக்கு வலது கை. பள்ளிக்கூடம் வந்தும் பிள்ளைங்க வரலை. சேரன்மாதேவி பக்கம் ரயில்வே கேட்ல கார் நின்னப்போ, ஆடு மாடு மேய்ச்சுக்கிட்டிருந்த பையன்கிட்ட பேச்சுக் கொடுத்ததுல, சோறு கிடைச்சா பள்ளிக்கூடம் போவான்னு அவருக்குப் புரிஞ்சதா ஊரெல்லாம் ஒரு கதை சொல்லுவாங்க. முதலமைச்சர் ஒரு மாடு மேய்க்கிற பையன்கிட்ட பாடம் கேட்ட கதை அது. 1956-ல மதிய உணவுத் திட்டம் ஆரம்பிச்சது. முதல்ல ஊர்ஜனங்களே அரிசி, பருப்பு, விறகுன்னு கொடுத்தாங்க. பிறகு செலவுல நூத்துக்கு அறுபது அரசாங்கம், நாப்பது ஊர்.

விருதுபட்டியில வீட்டுக்கு வீடு எடுத்து வெச்ச பிடி அரிசி ஞாபகம் இருக்கா? அதேதான்.

அடுத்த திருப்பம் 1963. பதவியில இருக்கிற மூத்த தலைவர்கள் விலகிக் கட்சி வேலைக்குப் போகணும்னு அவர் ஒரு யோசனை சொன்னார், காமராஜ் திட்டம்னு பேர். சொன்னவரே அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னைக்கு முதல்வர் பதவியை விட்டார். 1964-ல அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். அந்த வருஷமே நேரு மறைஞ்சார். சாஸ்திரி பிரதமர் ஆனதுலயும், 1966-ல இந்திரா காந்தி பிரதமர் ஆனதுலயும் இவர் கை பெருசு. இவரே ஆகலாமேன்னு கேட்டவங்களும் உண்டு. தனக்கு இந்தி தெரியாது, சரளமா இங்கிலீஷ் பேச வராது, இந்தியாவுக்குப் பிரதமரா இருக்க அது பத்தாதுன்னு ஒதுங்கிட்டார்.

சிலபேர் இதைக் குறையாச் சொல்வாங்க. டெல்லிப் பக்கம் அவரைக் கிண்டல் பண்ணினவங்களும் இருந்தாங்க. நான் இதை வேற மாதிரி பார்க்கிறேன். வாழ்நாள் முழுக்கப் படிக்கிறவனுக்குத்தான் தான் எதுவரைக்கும் படிச்சிருக்கோம்னு துல்லியமாத் தெரியும். அரைகுறையாப் படிச்சவன் அந்த நாற்காலியை விட்டிருக்க மாட்டான்.

1966-ல, 63 வயசுல, சோவியத் ஒன்றியத்துக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் போனார். அதே வேட்டி, அதே கதர்ச் சட்டை.

1967-ல விழுந்தார். அதுவும் சொந்த ஊர் விருதுநகர்ல. தி.மு.க.வோட மாணவர் தலைவரா இருந்த பெ. சீனிவாசன்கிட்ட 1,285 ஓட்டுல தோத்தார். அவர் ஆட்சியில திறந்த பள்ளிக்கூடங்கள்ல படிச்ச தலைமுறைதான் அப்போ எதிரணிக் கூட்டங்கள்ல நிரம்பி நின்னது. பிள்ளைங்களைப் படிக்க வெச்சா அவங்க நமக்கே எதிரா ஓட்டுப் போடுவாங்கன்னு அவருக்குத் தெரியாம இருந்திருக்காது. 1969-ல நாகர்கோவில் இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சு மறுபடி நாடாளுமன்றம் போனார். 1971-லயும் அங்கே இருந்தே.

கடைசி வருஷங்கள்ல அவர் இருந்தது சென்னை தியாகராய நகர், திருமலைப்பிள்ளை சாலையில ஒரு வாடகை வீடு. இப்போ நினைவில்லமா இருக்கு. சென்னை போனீங்கன்னா ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துட்டு வாங்க.

1975 அக்டோபர் 2. மறுபடியும் காந்தி ஜெயந்தி. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவருக்கு உடம்பு வேர்த்துச்சு. உதவியாளர் வைரவனைக் கூப்பிட்டு டாக்டருக்குச் சொல்லச் சொன்னார், போகும்போது விளக்கை அணைச்சிடச் சொன்னார். டாக்டர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

அவர் விட்டுட்டுப் போனதை எண்ணிப் பார்த்தாங்க. 130 ரூபாய், ரெண்டு ஜோடி செருப்பு, நாலு சட்டை, நாலு வேட்டி. அப்புறம் கொஞ்சம் புத்தகங்கள்.